ஊசி ஏறினால்

என் கணவர் ஜோஸ்வினுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று யாராவது கேட்டால், நிறுத்த நன்றாகத் தெரியும் என்பேன். குன்றத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் நாலைந்து இடத்திலாவது ஓரங்கட்டிவிடுவார். இறங்கி பானட்டைத் திறந்து உள்ளே குனிந்து பார்ப்பார். பின்னால் வருகிற பஸ்காரர் வாய்க்கு வந்தபடி திட்டுவார், அது இவர் காதில் ஏறாது. கேட்டால், இன்ஜின் சூடாகிறதா என்று பார்த்தாராம். சூட்டைக் காட்டுகிற ஊசியோ அடியிலேயே படுத்துக் கிடக்கும்.

இரண்டு வருடமாக இந்தக் கூத்து. என் மாமனார் தனசிங் இந்த வண்டியில்தான் இறந்துபோனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் பாடகர் குழுவோடு பல்லாவரம் சர்ச்சில் இருந்தேன். வீட்டில் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. ஜோஸ்வின் அவரைப் பின் சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். அனகாபுத்தூர் தாண்டியதும் வண்டி கொதித்துவிட்டது, நிறுத்த வேண்டியதாகிவிட்டது, ஆட்டோ கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஜோஸ்வின் எல்லோரிடமும் சொன்னது இதுதான்.

காரியமெல்லாம் முடிந்த கையோடு பம்மலுக்குப் போய், மெக்கானிக் சிட்டிபாபுவிடம் சொல்லி இன்ஜினில் இருந்த தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். அது ஒரு சின்ன வால்வு. இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடிக்கொண்டிருக்கும், சூடேறியதும் திறந்துவிடும். அது திறக்காமல் சிக்கிக்கொண்டதால்தான் வண்டி கொதித்தது என்று ஜோஸ்வின் சொன்னார். அது இல்லாவிட்டால் தண்ணீர் எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் சூடாகவே ஆகாதாம். ஆகவில்லைதான். ஆனால் பெட்ரோலை மோர் மாதிரி குடித்தது, புகைச் சோதனையில் ஃபெயிலாகி என் மானத்தை வாங்கியது.

நான் அறிவியல் டீச்சர். பேய் பிசாசு என்று வாயைத் திறந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே என்னைப் பார்த்துச் சிரிக்கும். ஆனாலும் அந்தப் பின் சீட்டில் நான் என் கைப்பையைக்கூட வைப்பதில்லை. ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஜோஸ்வின் கண்ணாடியில் பின்னால் பார்ப்பார், பார்த்ததும் முகம் வெளுத்துவிடும். ராத்திரி தூக்கம் கிடையாது, சாப்பாடு கிடையாது, ஆள் பாதியாகிவிட்டார். அவர் என் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பயமாக இருந்தது.

போன சனிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. ஜோஸ்வின் கம்பெனி பஸ்ஸில் மறைமலை நகர் வேலைக்குப் போயிருந்தார். நானே வண்டியை எடுத்துக்கொண்டு பம்மலுக்குப் போய், தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் பொருத்துங்கள் என்றேன். கழற்றியது ஒரு டப்பாவில் கிடக்கிறது, புதிது வாங்கும் முன் அதைச் சோதித்துப் பார்க்கலாம் என்றார் சிட்டிபாபு. பக்கத்து டீக்கடையில் கொதிக்கிற தண்ணீர் வாங்கிவந்து அதை உள்ளே போட்டார். கொஞ்ச நேரத்தில் அதன் நடுவிலிருந்த தட்டு மெல்ல நகர்ந்து வாயைத் திறந்தது. வெளியே எடுத்ததும் மூடிக்கொண்டது.

"சூப்பரா வேல செய்யுதுக்கா. இதுக்கு ஒண்ணும் கேடு இல்ல. பாதிக்கு வந்து ஊசி நின்னுக்கும், அதான் கரீட்டு."

அப்புறம்தான் பழைய கதையைச் சொன்னார். வண்டி வாங்கிய புதிதிலேயே, நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று மாமா சொல்லி, சிட்டிபாபுவே அப்போது இருந்ததைக் கழற்றிப்போட்டாராம். இங்கே பாதிப் பேர் அப்படித்தான் செய்வார்களாம். அதனால் வருடக்கணக்காக ஊசி எழுந்திருக்கவே இல்லை. மாமா இறப்பதற்கு முந்தின வாரம்தான் ஏதோ ஒரு சர்வீஸ் சென்டரில் வாட்டர் பம்ப் மாற்றியபோது, கூடவே இந்தப் புதிய தெர்மோஸ்டாட்டையும் போட்டிருக்கிறார்கள். அப்போது வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது, பிறகு ஜோஸ்வின் வண்டியைக் கொண்டுவந்தபோது சிட்டிபாபு பிரித்துப் பார்த்துத்தான் தெரிந்ததாம்.

ஊசி எழுந்தால் வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் மாமா போட்ட சட்டம். அப்படியென்றால் அன்றைக்கு வண்டி கொதிக்கவே இல்லை. ஊசி இருக்க வேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறது, இவர் பயந்துபோய் நல்ல வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டார். இதைச் சொன்னால் மனிதர் தாங்குவாரா? சொல்லாவிட்டால் சாகும்வரை பானட்டைத் திறந்துகொண்டே இருப்பாரே. பொருத்துங்கள் என்று மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் மறைமலை நகருக்குப் போய் ஜோஸ்வினை ஏற்றிக்கொண்டேன். ஸ்டியரிங்கை அவரிடம் தரவில்லை. ஊசி பாதியில் நின்றதை ஏறி உட்கார்ந்ததுமே பார்த்துவிட்டார். தெர்மோஸ்டாட் போட்டாச்சு, இதுதான் சரியான இடம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். வண்டலூர் நெருங்கியதும் நிறுத்து நிறுத்து என்று கதவைத் திறக்கப் போனார். பதறிப்போய் ஓரங்கட்டினேன். இறங்கி பானட்டைத் திறந்தார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது, ஆவி கீவி ஒன்றும் இல்லை.

என் வாயில் பொய்தான் வந்தது. "அன்னிக்கு இருந்தது கெட்டுப்போனதுதானாம். இது புதுசு. உங்க மேல தப்பே இல்லைங்க."

ஜோஸ்வின் நிமிராமலே பேசினார். "அது கெட்டுப்போகல ஜென்சி. அன்னிக்கும் ஊசி இங்கதான் நின்னுச்சு. பானட்டைத் திறந்தேன், துளி ஆவி இல்ல. போயிடலாம்ப்பான்னு கெஞ்சினேன். இன்ஜின் போயிடும், ஆறட்டும்டான்னு கத்தினார். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டே கத்தினார்."

இரண்டு வருடமாக இதைத் தனியாகச் சுமந்திருக்கிறார். அப்பா ஒரு இன்ஜினுக்காகச் செத்தார் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டார். ஊசி எழக்கூடாது என்றுதான் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினாராம், ஊசி அசையாவிட்டாலும் அப்பா பின்னாலிருந்து நிறுத்து என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறாராம், நிறுத்தினால்தான் ஓய்கிறாராம். எனக்கு அழுகையும் வந்தது, செத்த மனிதர் மேல் அடக்க முடியாத கோபமும் வந்தது. பானட்டை மூடிவிட்டு அவரை ஏறச் சொன்னேன்.

அவுட்டர் ரிங் ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. ஊசி பாதியிலேயே நின்றது. ஜோஸ்வின் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். மண்ணிவாக்கம் தாண்டியபோது என் கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"நிறுத்தும்மா," என்றார் மாமா.

"முடியாது மாமா," என்றேன்.

ஜோஸ்வின் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் வண்டியை நிறுத்தவில்லை.