உஸ்த்யாவின் பெட்டி மேல்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் வலையில் இனி மீனே விழ வேண்டாம். ரஷ்யாவின் வடகோடியில், எங்கள் மெசென் ஆற்றங்கரையில், இதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது.

எங்கள் ஊர் கிளப்பில், அடுப்புக்கு மேலே, சதுரங்க வீரன் என்று என் படம்தான் தொங்கியது. அப்புறம் பக்கத்து வீட்டு சோயாவின் மகள் உஸ்த்யா வளர்ந்துவிட்டாள். சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டே என் ராஜாவை மூலையில் மடக்கினாள், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. படத்தில் முறுக்கி நின்ற என் மீசை அன்று மாலையே கீழே இறங்கிவிட்டது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் எனக்கு எரிந்த வயிற்றெரிச்சலில் என் மனைவி கிளாஃபிரா கெட்டிலை என் வயிற்றின்மேல் வைத்துத் தேநீர் போட்டாள். விறகு மிச்சமென்று சந்தோஷப்பட்டாளே தவிர, ஆறுதலாக ஒரு சொல் இல்லை.

அந்த வருடம் உஸ்த்யாவை அர்ஹாங்கெல்ஸ்க் போட்டிக்குக் கூப்பிட்டார்கள். அதில் ஜெயித்தால் மாஸ்கோ. ரயிலைத் தவறவிட்டால் இரண்டும் இல்லை. அந்த 'இல்லை'தான் எனக்கு வேண்டியிருந்தது.

ஒரு ஜாடி உப்பில் ஊறவைத்த காளானோடு, நல்லவன் மாதிரி, வழியனுப்பப் போனேன். எங்கள் வழக்கப்படி, கிளம்புமுன் எல்லோரும் வாய் திறக்காமல் சற்று உட்கார்ந்தோம். அப்படி உட்காராமல் போன பயணம் உருப்படாது. மூத்தவர் எழுந்தபிறகுதான் மற்றவர்கள் எழலாம். அந்த அறையில் மூத்தவன் நான். நான் உட்கார்ந்திருந்தது உஸ்த்யாவின் பெட்டிமேல்.

தூரத்தில் ரயில் கூவியது. நான் கூரையைப் பார்த்தேன்.

"எஃபீம் சவேல்யிச், போதும், எந்திரிங்க!" என்றாள் சோயா.

"பேசிட்டியா? போச்சு. இனி முதல்லேர்ந்து உக்காரணும்."

"பாவி மனுஷா, ரயில் போயிரும்!"

"பாரு, மறுபடியும்."

சோயா தலைத்துணி முனையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உஸ்த்யா மட்டும் நிதானமாக ஒரு விதையைக் கடித்தாள்.

"தாத்தா, நான் போகலைன்னா எங்க இருப்பேன்?"

"இங்கதான்."

"தினமும் சாயங்காலம்?"

"கிளப்புலதான். வேற எங்க போவ?"

"யாரோட ஆடுவேன்?"

துள்ளி எழுந்தேன். பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன். இளவட்டமாக இருந்தபோதுகூட நான் அப்படி ஓடியதில்லை.

ரயில் நின்றுகொண்டிருந்தது. அதிலும் நம் ஆட்கள்தானே? கிளம்புமுன் ஓட்டுநர் முதல் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளதிலேயே மூத்தவள் மூன்றாம் பெட்டியில் ஒரு கிழவி. உட்கார்ந்தவள் தூங்கிப்போனாள். அவள் விழித்து எழும்வரை ஒருவரும் அசையவில்லை.

உஸ்த்யா அர்ஹாங்கெல்ஸ்கில் ஜெயித்தாள், மாஸ்கோவில் ஜெயித்தாள், கிராண்ட்மாஸ்டர் ஆனாள். நானும் ஊரில் மறுபடி முதல் ஆள் ஆனேன். ஆனால் அடுப்புக்கு மேலே அவள் படத்தை மாட்டிவிட்டு, என்னுடையதைச் செருப்பு விடும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

ஒருநாள் கிளாஃபிரா பத்திரிகையைச் சத்தமாகப் படித்தாள். உங்களை மிகவும் திணறடித்தவர் யார் என்று கேட்டதற்கு உஸ்த்யா சொல்லியிருந்தாள்: "எங்க ஊர் எஃபீம் தாத்தா. பலகையில இல்ல, பெட்டி மேல."

உலகமே சிரித்ததாம். கிளாஃபிரா என் முகத்தைப் பார்த்தாள், எழுந்துபோய்க் கெட்டிலை எடுத்துவந்தாள்.

எங்கள் ஊருக்கு இன்றுவரை ரயில் பாதை போடவில்லை.