கிளிப் போட்ட வெள்ளை உடுப்பு

1

இது கட்டுரையாகத்தான் தொடங்கியது. ஒஸ்லோவில் ஒரு திருமண மலருக்குக் கேட்டார்கள்: கல்யாண உடுப்பு வாங்குவதில் உள்ள தவறான நம்பிக்கைகள். சுருக்கமாக வேண்டும் என்றார்கள். மண்டபத்தில் சாப்பாட்டுக்குக் காத்திருப்பவர்கள் வாசிப்பது.

முதலாவதை எழுதினேன். சரியான உடுப்பைப் போட்டுக் கண்ணாடியைப் பார்த்ததும் மணப்பெண்ணுக்குக் கண்ணீர் வரும் என்பது தவறு. வராது.

யாருக்கு வரவில்லை என்று யோசித்தேன். கட்டுரை அந்த இடத்தில் கெட்டது.

2

கதையாக எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் பிறந்து வளர்ந்த நிருஜா, தேவதை போன்ற—

(வேண்டாம். அவள் பொறியியலாளர். சுரங்கப்பாதைக்குப் பாறையை எங்கே வெடிக்கவைப்பது என்று முடிவெடுப்பவள். எந்த உடுப்பு என்று முடிவெடுக்க அவளை ஒருவரும் கேட்கவில்லை.)

வெளியே பனி பெய்துகொண்டிருந்த—

(நோர்வேக் கதையில் பனி பெய்தாக வேண்டும் என்பதும் தவறான நம்பிக்கை. அன்று மழை.)

கல்யாண உடுப்புக் கடையில் மூன்று பேருக்குமேல் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆறு பேர் போனார்கள்.

இது நிற்கட்டும்.

3

தாலி கட்டும்போது உடுக்கும் கூறைச்சேலையை மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக்கொடுப்பது யாழ்ப்பாண வழக்கம். அதில் யாருக்கும் சண்டையில்லை. பின்னேர வரவேற்புக்குப் போடும் வெள்ளை உடுப்புக்கு வழக்கம் ஒன்றும் இல்லை. ஆகவே மாப்பிள்ளையின் அம்மா ஞானமலர் ஒன்றை உண்டாக்கினார். அதையும் நாங்களே எடுப்போம். எடுப்பவர்களே தெரிவு செய்வோம். அதற்காக இரண்டு தங்கச்சிமாரோடும் மகன் கிருஷிகனோடும் காலை விமானத்தில் பேர்கனிலிருந்து வந்திருந்தார். நிருஜாவோடு அவளுடைய அம்மா உதயகுமாரி.

"மணப்பெண் யார்?" என்று கடைக்காரி நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

"நாங்கள்தான் எடுக்கிறது," என்றார் ஞானமலர், அதே மொழியில், றகரத்தைத் தொண்டையில் உருட்டும் பேர்கன் பேச்சில்.

பிறகுதான் கடைக்காரி கிருஷிகனைக் கண்டாள். மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன் உடுப்பைப் பார்க்கக்கூடாது, கெட்ட சகுனம் என்றாள்.

ஞானமலர் தமிழுக்கு மாறினார். "எடுத்துக் குடுக்கிறவன் பாக்கக்கூடாதோ? இதென்ன விசர்க்கதை!"

கிருஷிகன் டிராம் தரிப்பிடத்தில் நிற்பதாகச் சொல்லிப் போனான்.*

* அவனை யாரும் தள்ளவில்லை. குறித்துக்கொள்ளுங்கள்.

4

நிருஜாவுக்குப் பிடித்தது வெறும் வெள்ளை. நீளக்கை, வேலைப்பாடில்லை.

"மொட்டையா இருக்கு, பிள்ளை," என்றார் ஞானமலர். "வாட்டில டொக்டர்மார் போடுற கோட் மாதிரி."

"எனக்கு இதுதான் விருப்பம், மாமி."

"விருப்பம் ஆருக்கு இல்லை? கூறையை நீயே எடுத்தனி?"

"மாமி சொல்லுறதும் சரிதானே," என்றாள் உதயகுமாரி. வீட்டில் அவள் வேறுமாதிரிச் சொல்லியிருந்தாள்.

அடுத்தது கல் வைத்தது. உடுப்பின் வால் பின்னால் தரையில் நீண்டு கிடந்தது. மாதிரி உடுப்பு அளவில் பெரிது என்பதால் கடைக்காரி முதுகுப்பக்கம் கிளிப்புகளால் கவ்விப் பிடித்தாள். முன்னால் மணப்பெண். பின்னால் கொடியில் காயும் துணி.

"கிருஷியைக் கேப்பம்," என்றாள் நிருஜா.

போன கிழமை கிருஷிகன் சொன்னது: "உனக்குப் பிடிச்சதை எடு. அம்மாவை நான் பாக்கிறன்." அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் அவள் கடைக்கு வந்தாள். அது அவன் அம்மாவுக்கு முன்னால் நிற்குமா என்று அவளுக்குத் தெரியவேண்டும். உடுப்பு ஒரு பின்னேரத்துக்கு. கல்யாணம் அப்படியில்லை.

ஞானமலர் இரண்டு உடுப்பையும் படமெடுத்து மகனுக்கு அனுப்பினார். சகுனம் கைபேசிக்குப் பொருந்தாது. பதில் வந்தது; அம்மாவின் கைபேசிக்கு.

"ரெண்டும் வடிவு." இரண்டு இதயங்கள்.

"பாத்தியோ, தம்பிக்கு ரெண்டும் பிடிச்சிருக்கு!" என்றாள் ஞானமலரின் இளைய தங்கச்சி, சின்ன மாமி. "அப்ப கல்லு வைச்சதையே எடுப்பம்."

நிருஜா கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணீர் வந்தது.

(முதலாம் பகுதியைத் திருத்தவேண்டும். வரும்.)

கடைக்காரி பூரித்துப்போனாள். இதுதான் அந்த உடுப்பு என்றாள். அந்தக் கடையில் இதற்கென்றே ஒரு சின்ன மணி இருந்தது. அடித்தாள். மாமிமார் கைதட்டினார்கள். நிருஜா வாலைச் சுருட்டிக் கையில் எடுத்தாள். கடைக்காரி கத்தக் கத்தக் கதவைத் திறந்து வெளியே போனாள்.

5

முடிவுகள்:

அ. கிருஷிகன் கடைக்குள் போய் அம்மாவிடம் பேசுகிறான். (எழுதிப் பார்த்தேன். அவனை எனக்கு அவ்வளவு நல்லவனாகத் தெரியாது.)

ஆ. கல்யாணம் நிற்கிறது. (மண்டபம் பதிந்தாயிற்று. ஒஸ்லோவில் மாப்பிள்ளை கிடைத்தாலும் மண்டபம் கிடைக்காது.)

இ. இரண்டையும் எடுக்கிறார்கள். (மலர் ஆசிரியருக்கு இது பிடித்திருந்தது. ஆகவே அடித்துவிட்டேன்.)

மிச்சம் இருப்பது இவ்வளவுதான். டிராம் தரிப்பிடம். மழை. முதுகில் கிளிப்புகளோடு ஒரு பொறியியலாளர். அவளுக்குப் பின்னால், கடை வாசலில், ஞானமலர்.

"எது, கிருஷி?"

"உள்ளுக்குப் போ, நனையிறாய்."

"எது?"

அவன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான். நிமிர்ந்தான். அவள் தோளுக்கு மேலாகக் கடை வாசலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

அவன் என்ன சொன்னான் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் எங்கே பார்த்தான் என்பதை நான் எழுதிவிட்டேன்.