வெல்லத் தட்டு

டாக்டரம்மா ஜெபராணியின் ஆஸ்பத்திரிக்கு ஐந்தே படிகள்தான். அதை ஏறி முடிப்பதற்குள் கஸ்தூரியம்மாளுக்கு மூச்சு இரைத்துவிட்டது. பின்னால் வந்த புருஷன் சுருளியாண்டிக்கோ அப்போதும் பெருமை பிடிபடவில்லை. கஞ்சிக்கு வழியில்லாத வீட்டிலிருந்து குச்சியாய் வந்தவளை, நெல்லுச்சோறும் நெய்யுமாய்ப் போட்டு இப்படி ஆக்கியவர் அவர். பங்குனி தோறும் அவள் எடைக்கு எடை அம்மனுக்கு வெல்லம் கொடுப்பதாக நேர்த்திக்கடன். வருஷா வருஷம் வெல்லம் ஏறிக்கொண்டே போனதில் கம்பம் ஊரே வாயைப் பிளந்தது.

"அசதியா இருக்குங்குறா டாக்டரம்மா. நல்ல டானிக்கா குடுங்க. பங்குனிக்குள்ள உடம்பு எறங்கிரக் கூடாது."

"டானிக்கா? எறங்கித்தான் ஆகணும். சோத்தப் பாதியாக் கொறைக்கணும். காலையில கம்பங்கூழு. தெனமும் ஆத்துவரைக்கும் நடை. இல்லன்னா நெஞ்சு தாங்காது," என்றார் ஜெபராணி வெடுக்கென்று.

கஸ்தூரியம்மாளுக்கு அழுகை முட்டியது. "அந்தக் கூழ விட்டுத்தான தாயி இங்கன வாக்கப்பட்டு வந்தேன்? திரும்ப மெலிஞ்சா, அவுக சோறு போடலன்னு ஊரு பேசாதா?"

டாக்டரம்மாவின் பேனா நின்றது. வாயைக் கட்டத் தெரியாத பெரிய வீட்டுக்காரி என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். தன் காதுக் குழாயைக் கழற்றி அவள் காதில் மாட்டி, மறுமுனையை அவள் நெஞ்சில் வைத்தார்.

முதலில் இரைச்சல். பிறகு தடதடவென்று, பொதிமாடு மலையேறுவது மாதிரி ஒரு சத்தம்.

"யாரு தாயி இது?"

"நீங்கதான்."

"தூங்கையிலயுமா?"

"பொறந்ததுலருந்து. ஒரு நிமிசம் நின்னதில்ல."

"ஆத்தாடி!" கஸ்தூரியம்மாளுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. ஒருத்தரிடமும் சொல்லாமல் இத்தனை வருஷமும் ஒரு ஜீவன் உள்ளே சுமந்துகொண்டிருந்திருக்கிறது! குழாயைப் பிடுங்காத குறையாக எடுத்துப் புருஷன் காதில் மாட்டினாள். சுருளியாண்டி கேட்டார். திறந்த வாய் மூடவில்லை. டானிக் பேச்சு அதோடு போயிற்று.

பங்குனியில் கோயில் தராசின் ஒரு தட்டில் போன வருஷத்து அளவுக்கு வெல்லத்தை முன்கூட்டியே அடுக்கிவிட்டார்கள். கஸ்தூரியம்மாள் எதிர்த்தட்டில் உட்கார்ந்தாள். பிடித்திருந்தவர்கள் கையை எடுத்ததும் அவள் தட்டு மேலே போய் நின்றது.

"என்னப்பா, வீட்டுல சோத்துக்குப் பஞ்சமா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சுருளியாண்டியின் காது சிவந்தது. விறுவிறுவென்று போய், தன் கையாலேயே ஒரு வெல்லக்கட்டியை எடுத்துக் கீழே வைத்தார். அப்புறம் இன்னொன்று. கால் தரையில் படாமல் தொங்கிக்கொண்டிருந்த கஸ்தூரியம்மாள் உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

அவர் அண்ணாந்து பார்த்தார். "என்ன சொல்லுது?"

"மெதுவா நடக்குதுங்க."

சுருளியாண்டி அடுத்த கட்டியை எடுத்தார்.