திறக்காத ஒரு மணி நேரம்

பிள்ளை செத்துப்போயிருந்தால் நாலு பேர் வந்து அழுதிருப்பார்கள். ஓடிப்போயிருந்தால் நாற்பது பேர் வந்து துருவித் துருவிக் கேட்டிருப்பார்கள். தத்தெடுத்த பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தவள் வீட்டுக்கு மட்டும் யாரும் வருவதில்லை. வந்தால் என்ன சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, பாவம். அவர்கள் வந்திருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியாது.

நான் பூட்டு ரிப்பேர் செய்பவள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஆறடிக்கு எட்டடியில் கடை. சாவி வெட்டும் மெஷின் ஒன்று, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் வெட்டாத சாவிகள், உட்கார ஒரு முக்காலி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சந்தில் எல்லோருக்கும் நான் பூட்டக்கா. நாற்பத்து மூன்று வயதில், எட்டு வயதுப் பெண் ஒருத்தியைத் தத்தெடுத்தேன். இரண்டு வருஷம் என் வீட்டில் இருந்தாள். இப்போது நகரத்தின் மறுகோடியில் ஒரு விடுதியில் இருக்கிறாள். சட்டப்படி அவள் இனி என் மகள் இல்லை.

அவளுக்கு நான் வைத்த செல்லப் பெயர் சில்லு. ஓட்டுச் சில்லு, கண்ணாடிச் சில்லு, பீங்கான் சில்லு என்று பொறுக்கிப் பை நிறைய வைத்திருப்பாள். ஆளும் அப்படித்தான், சின்னது, எங்கே தொட்டாலும் கிழிக்கும். என்னிடம் வருவதற்கு முன் ஐந்து வீடு மாறியிருந்தாள். என்னை ஒருநாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. "பூட்டு, பசிக்குது." "பூட்டு, பென்சில் தீந்துபோச்சு." கேட்டவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

அவள் போன முதல் மாதம், "பாப்பா எங்க பூட்டக்கா?" என்று கடைக்கு வந்தவர்கள் கேட்டபோது ஹாஸ்டலில் படிக்கிறாள் என்று புளுகினேன். எங்கள் சந்தில் புளுகு எத்தனை நாள் நிற்கும்? விஷயம் கசிந்ததும் கேள்வி நின்றுபோனது. பக்கத்துத் தையற்கடைக்காரி தினமும் பதினொரு மணிக்கு என்னோடு டீ குடிப்பவள். அவளுக்குத் திடீரென்று பதினொரு மணிக்குத்தான் வேலை குவிந்தது. மாடி வீட்டு டீச்சர் என்னைக் கண்டால் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்துவிடுவார். ஃபோன் செய்தவள் என் அக்கா ஒருத்திதான். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சக் கூடப்பிறந்தவள்தானே வரவேண்டும்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல? எந்த ரத்தமோ, என்ன குணமோன்னு. போனது போகட்டும் விடு. தலையில இருந்த பாரம் இறங்குச்சுன்னு நினைச்சுக்கோ."

"பாரம் இல்லக்கா. பொண்ணு," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். எனக்குத் தன் பிள்ளையும் இல்லை, ஊட்டி வளர்த்ததும் போய்விட்டது. ஃபோனை வைத்ததும் அழுதேன். சாவி மெஷினை ஓட விட்டு அழுதால் வெளியே கேட்காது. அந்த மாதம் யாரும் கேட்காத சாவிகள் நிறைய வெட்டினேன், இடது கையால்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கோபம் வந்தால், பயம் வந்தால், சில நாள் ஒன்றுமே வராவிட்டாலும், சில்லு தன் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வாள். வேறு தாய் என்றால் கதவைத் தட்டுவாள், கெஞ்சுவாள், மிரட்டுவாள், கடைசியில் வெளியே உட்கார்ந்து காத்திருப்பாள். அவளுக்கு வேறு வழி இல்லை. எனக்கு வழி இருந்தது. வளைத்த கம்பி ஒன்று, தட்டைக் கம்பி ஒன்று, இருபது வினாடி. "யார்கிட்ட?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போவேன். அதை விளையாட்டு என்று நினைத்தேன். பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். உடனே அவள் கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொள்வாள். அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன்.

ஒருநாள் நான் கடையிலிருந்து வந்தபோது பூட்டு திறந்தது, கதவு வரவில்லை. என் கடையிலிருந்தே தாழ்ப்பாள் ஒன்றைத் திருடி வந்து உள்பக்கம் மாட்டியிருக்கிறாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பத்து வயது வாண்டு என் தொழிலுக்கே சவால் விடுகிறதே. கதவின் கீல்கள் வெளிப்பக்கம் இருந்தன. சுத்தியால் கீல் கம்பிகளைத் தட்டி எடுத்து, கதவையே கழற்றிச் சுவரில் சாய்த்தேன்.

"இனிமே இந்த ரூமுக்குக் கதவே கிடையாது," என்றேன்.

மூன்று நாள் அந்த அறை கதவில்லாமல் கிடந்தது. மூன்று நாளும் அவள் கண் மூடியதை நான் பார்க்கவில்லை. நாலாம் நாள் காலை, குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அதே சுத்தி என் வலது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

எப்படி முறிந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். சொன்னேன். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தார். கெட்டவர் இல்லை. "உங்களால தொடர முடியுமா?" என்று மூன்று முறை நிதானமாகக் கேட்டார். எனக்கு வலி, ஆத்திரம், எல்லாவற்றுக்கும் மேலே அவமானம். தொழில் செய்யும் கை அது. "முடியாது, கூட்டிட்டுப் போங்க," என்றேன். இடது கையால் கையெழுத்துப் போட்டேன். கோணல் மாணலாக, என் கையெழுத்து மாதிரியே இல்லை. கோர்ட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. என் கைக்கட்டைப் பிரிக்கும் முன்பே உத்தரவு வந்துவிட்டது.

கட்டுப் பிரித்த அன்று கதவைத் திரும்ப மாட்டினேன். அப்போதுதான் அந்தத் தாழ்ப்பாளைச் சரியாகப் பார்த்தேன். நாலு ஸ்க்ரூ. ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் புள்ளி வைத்து, முதலில் ஆணியால் சின்னத் துளை போட்டு, பிறகு ஸ்க்ரூவை இறக்கியிருக்கிறாள். நான் ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்திருப்பாளே, அப்போது பார்த்துப் பிடித்துக்கொண்டது. தாழ்ப்பாள் கோணல்; கொஞ்சம் தூக்கித் தள்ளினால்தான் விழுந்தது. தூக்கித் தள்ளிவிட்டு அவள் கட்டிலில் உட்கார்ந்தேன்.

அந்தக் கதவை எத்தனையோ முறை வெளியிலிருந்து திறந்திருக்கிறேன். மூடிய கதவை உள்ளே இருந்து பார்த்தது அன்றுதான். ஐந்து வீட்டிலும் அடுத்தவர் இஷ்டத்துக்குத் திறந்த கதவுகளைப் பார்த்தவள், தானே மூடித் தானே திறக்கிற மாதிரி ஒன்றைக் கேட்டிருக்கிறாள். அதைத்தான் நான் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு மூன்று நாள் பாடம் நடத்தியிருக்கிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். கண் கெட்டாலும் நமஸ்காரம் செய்தே தீருவது என்று அந்தக் கட்டிலில் உட்கார்ந்து முடிவு செய்தேன்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அலுவலகத்துக்குப் போனேன்.

"நீங்கதானேம்மா முடியாதுன்னு எழுதிக் கொடுத்தீங்க?" என்றார் அதிகாரி அம்மா.

"ஆமா. தப்புப் பண்ணிட்டேன்."

"திரும்பத் தத்தெடுக்கறதுக்குச் சட்டத்துல இடமில்ல."

"தத்தெடுக்கறேன்னு சொல்லல. வாரா வாரம் போய்ப் பாக்கறேன்னு சொல்றேன்."

"என்ன முறையில பாப்பீங்க?"

"முறை ஒண்ணும் இல்லாமத்தான்."

முடியாது என்றார். அடுத்த திங்கட்கிழமையும் போனேன். அதற்கடுத்த திங்கட்கிழமையும். மழையில் போனேன், காய்ச்சலோடு போனேன். வாசல் காவலாளியின் சைக்கிள் பூட்டைச் சும்மா உட்கார்ந்த நேரத்தில் சரிசெய்து கொடுத்தேன். பதினோராவது வாரம் அலுவலகத்தில் இரும்பு அலமாரியின் சாவி தொலைந்து, எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். திறந்து கொடுத்தேன்.

"இதுக்குப் பதிலா ஒண்ணும் கேக்க மாட்டேன்," என்றேன். "ஆனா அடுத்த திங்கக்கிழமையும் வருவேன்."

அதிகாரி அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். பதினாலாவது வாரம் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். ஒரு சந்திப்பு, ஒரு மணி நேரம். விடைபெறும் சந்திப்பு என்று தலைப்பிட்டிருந்தது.

"முறையா விடைபெற்றா பிள்ளைக்கும் நல்லது," என்றார். "ஆனா மறுபடி வரேன்னு நீங்க சொல்லக் கூடாது. வரட்டுமான்னும் கேக்கக் கூடாது. அவளாத் தன் வாயால வரச் சொன்னா மட்டும் அடுத்த சந்திப்பு. சொல்லலைன்னா இதோட முடிஞ்சுது. நீங்க இங்க வரதும் முடிஞ்சுது."

"சொன்னா?"

"அரை வருஷமா உங்களைப் பத்தி அவ ஒரு வார்த்தை பேசலம்மா. மனசைத் தயார் பண்ணிக்கோங்க."

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு விடுதிக்குப் போனேன். நீளமான தாழ்வாரம், அதன் கோடியில் பார்வையாளர் அறை. அதிகாரி அம்மா எனக்கு முன்பே வந்திருந்தார். அறை வாசலில் விடுதிக்காரம்மா சாவிக்கொத்தோடு நின்று வியர்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள போய்ப் பூட்டிக்கிட்டா," என்றார். "சாவியைப் பூட்டுலயே விட்டிருக்கா. என் சாவி நுழைய மாட்டேங்குது."

அதிகாரி அம்மா தோட்டம் வழியாகச் சுற்றிப் போய், ஜன்னல் கம்பிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "நல்லாத்தான் இருக்கா. நாற்காலியில உக்காந்து காலை ஆட்டிட்டிருக்கா."

"நல்லவேளை, நீங்க பூட்டுக்காரங்க," என்றார் விடுதிக்காரம்மா. "திறந்து விடுங்களேன்."

பூட்டைப் பார்த்தேன். மட்டமான பூட்டு. உள்ளே சாவி இருந்தாலும் அரை நிமிஷ வேலை. கம்பிகள் எப்போதும்போல் என் பையில்தான் இருந்தன. விரல்கள் பரபரத்தன. கொடுத்ததே ஒரு மணி நேரம், அதில் பத்து நிமிஷம் போய்விட்டது. திறந்தால் அவள் முகத்தைப் பார்க்கலாம். அரை வருஷமாக அந்த முகத்துக்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன். திறந்தால் பார்ப்பது அதுவே கடைசித் தடவை என்பதும் எனக்குத் தெரிந்தது.

"திறக்க மாட்டேன்," என்றேன். கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தேன்.

"இதென்ன கூத்து? பாக்கறதுக்குத்தானே வந்தீங்க?"

"வந்திருக்கேன்ல. அவளுக்குத் தெரியும்."

விடுதிக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டு போனார். அதிகாரி அம்மா ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது, நின்றது, மறுபடி கிறீச்சிட்டது. கால் மணி நேரம் அப்படிப் போனது.

"பூட்டு."

"ம்," என்றேன்.

"திற. உனக்குத்தான் தெரியுமே."

"தெரியும். திறக்க மாட்டேன்."

"கம்பி கொண்டு வரலையா?"

"பையில இருக்கு."

"அப்ப திறந்துருவ."

கம்பிகள் இரண்டையும் எடுத்துக் கதவுக்கடியில் இருந்த இடைவெளியில் உள்ளே தள்ளிவிட்டேன். கொஞ்ச நேரம் அவை அப்படியே பாதி உள்ளே, பாதி வெளியே கிடந்தன. பிறகு ஒவ்வொன்றாக உள்ளே போயின.

"கை எப்படி இருக்கு?" குரல் இப்போது கீழே, கதவுக்கு அந்தப் பக்கம் தரையிலிருந்து வந்தது.

"சேந்துருச்சு. குளிர்ல வலிக்கும்."

"நான்தான் உடைச்சேன்."

"ஆமா. நீதான்." இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளிடம் பொய் செல்லாது. "அதுக்கு முன்னாடி நான் உன் கதவைக் கழட்டினேன். அது தப்பு. ஒவ்வொரு தடவையும் கம்பியைப் போட்டுத் திறந்தேனே, அதுவும் தப்பு. கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னது எல்லாத்தையும்விடப் பெரிய தப்பு. கதவை மாட்டிட்டேன்."

"என் தாழ்ப்பாள்?"

"போட்ட மாதிரியே இருக்கு."

"கோணலாப் போட்டுட்டேன்."

"மேல் ஸ்க்ரூ ஒரு நூல் தள்ளிப்போச்சு. அவ்வளவுதான்."

"ஒரு நூல் இல்ல. ரெண்டு."

"சரி, ரெண்டு."

அதிகாரி அம்மா ஃபைலில் ஏதோ எழுதப் போனவர் எழுதாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.   சில்லு மூச்சு விடும் சத்தம் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஐம்பது வருஷம் வேண்டுமானாலும் அப்படி உட்கார்ந்திருப்பேன்.

"மணி பத்தும்மா," என்றார் அதிகாரி அம்மா, மெதுவாக.

கால் மரத்துப்போயிருந்தது. சுவரைப் பிடித்து எழுந்தேன். போயிட்டு வரேன் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். "நேரம் ஆயிருச்சு சில்லு," என்று மட்டும் சொன்னேன். கதவு திறக்கவில்லை. நடக்க ஆரம்பித்தேன். அழக்கூடாது என்று தாழ்வாரத்தின் தரை ஓடுகளை எண்ணினேன். எண்ணிக்கை எட்டுக்கு மேல் போகவில்லை.

"பூட்டு."

நின்றேன்.

"சனிக்கிழமை ஒன்பது மணிக்கு நாங்க துணி துவைக்கணும். இன்னைக்கு உன்னால எனக்குத் திட்டு விழும். அடுத்த வாரம் பத்துக்கு வா."

நான் அதிகாரி அம்மாவைப் பார்த்தேன். "இது சொன்னதுல சேருமா?"

அவர் பதில் சொல்வதற்குள் கதவுக்குள்ளிருந்து மறுபடி குரல் வந்தது. "திறப்பேனான்னு தெரியாது."

அதிகாரி அம்மா ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவைத் தேடினார். அவர் எழுதி முடிக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் திரும்பப் போனேன்.

"பத்துக்கு வரேன்," என்றேன்.