நாலு பேர் மேசை

மதுக்கூடத்து வினாடி வினாவுக்கு வந்திருந்தவர்கள்: டயர் கடை வைத்திருக்கும் அத்தான். டாக்சி ஓட்டும் மீட்டர். பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் பல்லு. புதிதாக வந்து ஒட்டிக்கொண்ட கணக்கு வாத்தியார். அவரை எல்லோரும் சார் என்றார்கள். கடைசியாக ஆந்தை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல் பார்க்கிறவன், அத்தானின் மனைவிக்குத் தம்பி, அவர் வீட்டு முன்னறையில் பாய் போட்டவன்.

மேசைக்கு நாலு பேர் என்பது அங்கே சட்டம். இதுவரை நாலாவது ஆள் ஆந்தைதான்.

"மச்சான், நீ பக்கத்து மேசைல உக்காரு," என்றார் அத்தான். "சார் படிச்சவரு."

"லீவு போட்டுட்டு வந்திருக்கேன் அத்தான்."

"அதுக்கு? தனியா ஆடு. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

பள்ளிக்கூடத்திலிருந்தே ஆந்தையோடு சுற்றிய மீட்டர், தன் கிளாசுக்குள் எதையோ தேடினான்.

ஆந்தை எழுந்து போனான். முரண்டு பிடிக்க வழியில்லை. அந்த வாரம்தான் அத்தான் அக்காவிடம் சொல்லியிருந்தார்: "உன் தம்பி இன்னொரு தடவை என்னை எதுத்துப் பேசட்டும், பாயைச் சுருட்டிட வேண்டியதுதான்." சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தவனுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னது.

வெல்கிற அணியின் படம் கல்லாவுக்கு மேலே ஒரு மாதம் தொங்கும். ஆணி இப்போது காலி. அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்.

ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் பக்கத்து மேசையோடு தாளை மாற்றித் திருத்த வேண்டும். முதல் சுற்றில் அத்தான் மேசைத் தாள் ஆந்தையிடம் வந்தது. சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் கோள் வெள்ளி என்று எழுதியிருந்தார்கள். புதன் என்று அவனுக்குத் தெரியும். சரி போட்டான். வாடகை என்று நினைத்துக்கொண்டான்.

"பாத்தீங்களா சார், திருத்தறதும் நம்ம வீட்டு ஆளு," என்று அத்தான் தொடையைத் தட்டினார். "சோறு போட்டு வளக்கறது சும்மாவா?"

சார் சிரித்தார். பல்லு சிரித்தான். மீட்டரும் சிரித்தான். அதுதான் உறைத்தது.

கடைசிச் சுற்றின் கடைசிக் கேள்வியைக் கடைக்காரர் மைக்கில் கேட்டார். "ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?"

பக்கத்து மேசைப் பேச்சு காதில் விழுந்தது.

"மூணு," என்றான் மீட்டர். "ஆந்தை ஒருதடவை சொல்லியிருக்கான்."

"அவன் சொன்னானா?" என்றார் அத்தான். "அப்ப மூணா இருக்கவே இருக்காது. ஒண்ணுன்னு எழுதுங்க சார்."

சார் எழுதினார்.

தாள் வந்தது. விடை மூன்று என்று மைக் சொல்லி முடிப்பதற்குள் ஆந்தையின் தோளில் அத்தானின் கை விழுந்தது.

"சரின்னு போடு."

"ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க அத்தான்."

"தெரியும்டா. முதல் சுத்துல தப்புக்குச் சரி போட்டியே, அதே மாதிரி போடு. இது வந்தாத்தான் ஜெயிப்போம்." கை அழுத்தியது. "ராத்திரி எங்க படுக்கப் போறன்னு யோசிச்சுக்க."

ஆந்தை யோசித்தான். நேர்மை கீர்மை எதுவும் நினைவுக்கு வரவில்லை. சிரித்த வாய்கள்தான் வந்தன. தாள் கிழியும்படி தப்பு போட்டான். பிறகு எழுந்து நின்று கடைக்காரரைக் கூப்பிட்டான்.

"அண்ணே, முதல் சுத்துலயும் இவங்களோட ஒரு தப்புக்குச் சரி போட்டுட்டேன். அதையும் கழிச்சுக்குங்க."

கூடமே கொல்லென்று சிரித்தது.

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றியாடா?" அத்தானின் முகம் கறுத்துவிட்டது.

அத்தானும் மற்றவர்களும் மீட்டரின் டாக்சியில் போனார்கள். ஆந்தை நடந்தான்.

முன்னறையில் பாய் சுருட்டிக் கிடந்தது. துணிகளைப் பையில் திணித்து வைத்திருந்தாள் அக்கா.

"ஒரு சரி போட்டா என்னடா குறைஞ்சிருக்கும்?"

"போட்டேன்க்கா. அதுக்கும் சிரிச்சாரு."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாரு. நான் தினம் கேக்கலையா?"

"அங்க என்ன பேச்சு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஆந்தை பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். கதவு சாத்தப்பட்டது. பூட்டில் சாவி இரண்டு முறை திரும்பியது. திருப்பிய கையில் வளையல் சத்தம் கேட்டது.