ஏலதாரர் எண் ஒன்பது

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்த ஆள் முதலில் கூரையைத்தான் பார்த்தார். பிறகு சுவரருகே போய் விரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். கூடம் நிறைய ஆட்கள் நின்றிருந்தார்கள். எல்லோரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது.

"இத்தனை பேரா போட்டிக்கு?" என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் மெல்லக் கேட்டார். "நீங்களும் கேக்கறீங்களாம்மா?"

அவள் ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளும்படி தலையை அசைத்தாள்.

அந்த நேரம் முன்னால் நின்ற இரண்டு பேர் விலகினார்கள். கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திக் கட்டிலில் கிடந்த அவளுடைய கணவர் அந்த ஆளின் கண்ணில் பட்டார். சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த அளவு டேப்பை அவர் அவசரமாக உள்ளே அமுக்கினார்.

"மன்னிச்சிருங்கம்மா. பதினோரு மணியிலேருந்து ஒரு மணி வரைக்கும் வந்து பாக்கலாம்னு போட்டிருந்தாங்க. சத்தியமா எனக்குத் தெரியாது."

"சாவு வீட்ல வந்து செவுத்தைத் தட்டிப் பாக்கறாரு பாரு," என்றாள் கட்டில் தலைமாட்டிலிருந்த நாத்தனார். "மொதல்ல வெளிய போங்க சார்."

"பாத்துட்டுப் போகட்டும்," என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் தான் பேசியது அவளுக்கே கேட்டது. பின்னறைக்குப் போய் விளக்கைப் போட்டு, திரையை மேலே ஏற்றிவிட்டாள். பின்னறை பகலிலும் இருட்டாக இருக்கும். வீடு பார்க்க வருகிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டும். அந்த ஆள் இரண்டு நிமிடம் பின்னறையில் நின்றார். மேல் மூலை ஒன்றை அண்ணாந்து பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

"உனக்கு என்னாச்சு அண்ணி?" என்றாள் நாத்தனார்.

ஒன்றும் ஆகவில்லை. இருபத்தாறு வருடம் அவள் இதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

கடன் கட்டாததால் பறிக்கப்பட்ட வீடுகளை முதலில் நேரிலும் பிறகு ஆன்லைனிலும் ஏலத்தில் எடுப்பது அவள் கணவருடைய தொழில். எடுத்த வீட்டுக்கே குடிபோய், குழாய் மாற்றி, விரிசல் பூசி, வண்ணம் அடித்து, அதே மாதிரி ஏலத்தில் விற்றுவிடுவார். இது பதினோராவது வீடு. விற்பதற்கு நாள் குறித்ததும் வெளியாட்கள் வந்து அலமாரியைத் திறந்து பார்ப்பார்கள். அவர்கள் வரும்போது வீட்டில் யாரும் வாழ்கிற மாதிரி இருக்கக்கூடாது என்பார் அவர். அவள் பல் தேய்க்கும் பிரஷ்ஷை இழுப்பறையில் வைப்பாள். கொடியில் துணி இருக்காது. அடுப்பின் மேல் ஒரு பாத்திரம் இருக்காது. ஏல இணையதளத்தில் ஏற்றப் படம் எடுக்கும்போது, "இந்தா, கொஞ்சம் தள்ளிக்கோ," என்பார். அவள் தள்ளிக்கொள்வாள். பதினோரு வீட்டின் படங்களில் ஒன்றில்கூட அவள் இல்லை.

இந்த வீட்டில் மட்டும் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. அவருக்கு உடம்பு முடியாமல் போனதுதான் காரணம். பக்கத்து வீட்டுப் பெண் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கி மூன்று மாதம் இருக்கும். முதல் தடவை கூப்பிட்டபோது வேறு யாரையோ என்று நினைத்து அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

காலை ஆறரைக்கு அவர் போனார். இருமலுக்கு நடுவில் மூச்சு நின்றுவிட்டது. மீதி இருமல் வரும் என்று அவள் தம்ளரோடு காத்திருந்தாள்.

பத்து மணிக்கு மகன் வந்தான். அழுதான், முகம் கழுவினான், வண்டிக்குச் சொன்னான், அப்பாவின் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். ஆள் வந்து சுவரைத் தட்டிவிட்டுப் போன பிறகு அவளை உள்ளே கூப்பிட்டான்.

"அம்மா, இன்னைக்கு நாலு மணிக்கு ஏலம் முடியுது. நீ ஏன் சொல்லல?"

"மறந்துட்டேன்."

"நிறுத்தலாம்னு பாத்தேன். முடியாதாம். ஒருத்தர் கேக்க ஆரம்பிச்சாச்சுன்னா விக்கறவரு செத்தாலும் நிக்காதாம்."

"செத்தாலும்னா போட்டிருக்கு?"

"அப்படியே போடுவாங்களா? எந்தக் காரணம் கொண்டும்னு போட்டிருக்கு." அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். "ஆனா ஒண்ணும் நஷ்டமில்லம்மா. ரெண்டு பேர் மோதிக்கறாங்க. நாலாம் நம்பர் ஒருத்தன், ஒன்பதாம் நம்பர் ஒருத்தன். நாலு கேட்டான்னா அடுத்த நொடியே ஒன்பது கூட்டிக் கேக்கறான். மூச்சுகூட விட மாட்டேங்கறான்."

அவள் திரையைப் பார்த்தாள். ஒன்பது என்ற எண் பச்சையில் எரிந்தது.

"இது போற போக்கைப் பாத்தா எங்க வீட்டு மாடியில ஒரு ரூமே போட்டுடலாம். உனக்குன்னு தனி ரூம். பாத்ரூமோட." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இனிமே நீ எங்கயும் மூட்டை கட்ட வேண்டாம்மா. என்னோட வந்துரு."

"டீ குடிச்சியா?" என்றாள் அவள்.

கூடத்துக்குத் திரும்பிப் போய்க் கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்தாள். வந்தவர்கள் அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அவர்களில் பாதிப் பேர் மகனுடன் வேலை செய்கிறவர்கள். மற்றவர்கள் அவருடைய தொழில்காரர்கள். குழாய்க்காரர், வண்ணம் அடிக்கிறவர், பத்திரம் எழுதுகிறவர். அவளைத் தேடி வந்தது பக்கத்து வீட்டுப் பெண் மட்டும்தான்.

மூன்றே கால் ஆகும்போது மகன் மறுபடி வந்து குனிந்து அவள் காதருகே கேட்டான்.

"அம்மா, ஒன்பது நீதானா?"

அவள் எழுந்து அவன் பின்னால் போனாள்.

வீடு அவர் பெயரில் இருந்தது. ஏலம் கேட்பது அவள் பெயரில் நடந்தது. ஐந்தாவது வீட்டிலிருந்தே அப்படித்தான். நம் வீட்டை நாமே ஏலம் கேட்பதா என்று அன்றைக்கு அவள் கேட்டபோது, "கேக்கல, கூட்டி விடறோம்," என்றார் அவர். உண்மையாக வாங்க வருகிறவன் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஏறிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். ஓர் உச்ச வரம்பைப் போட்டு வைத்தால், அதுவரை தளமே ஒன்பதாம் எண்ணுக்காகக் கூட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும். முடிய கால் மணி இருக்கும்போது அவர் வரம்பை இறக்கிவிடுவார். ஒன்பது ஒதுங்கும். வாங்க வந்தவன் அடுத்து ஒரு தடவை கேட்டதும் வீடு அவனுக்குப் போகும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவள் கைபேசிக்கு ஓடிபி வரும். "நம்பர்?" என்று கூடத்திலிருந்து அவர் குரல் கொடுப்பார். சமையலறையிலிருந்து அவள் ஆறு எண்களைச் சொல்வாள். கடைசி சில வருடங்களில் நாளெல்லாம் அவர்கள் பேசிக்கொண்டது அதுவாகத்தான் இருந்தது.

"எதுக்கும்மா இந்தத் திருட்டு வேலை?" மகன் தலையைப் பிடித்துக்கொண்டான். "சரி, அதை விடு. வரம்பு எவ்வளவு போட்டிருக்காரு பாரு. இந்தத் தெருவையே வாங்கலாம். ஒரு பூச்சியம் கூடப் போட்டுட்டாரு. கை நடுங்கியிருக்கும்."

நான்கு நாளைக்கு முன் தலையணையில் மடிக்கணினியைச் சாய்த்துவைத்து அவர் அதைத் தட்டினார். தட்டிய பிறகு எப்போதும் போல விரல்நுனியால் திரையைத் தொட்டுப் பூச்சியங்களை எண்ணினார். ஒரு முறை இல்லை, மூன்று முறை. அவள் பக்கத்தில்தான் இருந்தாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூடியைச் சாத்தினார். ஏன் பார்த்தார் என்று அவள் கேட்கவில்லை.

இதை அவள் மகனிடம் சொல்லவில்லை.

"இப்படியே விட்டா என்ன ஆகும்?" என்றாள்.

"என்ன ஆகும்? அப்பா வீட்டை நீ ஏலத்துல எடுத்த மாதிரி ஆகும். பணம் கட்ட மாட்டோம். வித்தது செல்லாது. நீ கட்டின முன்பணம் மொத்தமும் போகும். உன் பேரைக் கறுப்புப் பட்டியல்ல போடுவாங்க. வீடு அப்படியே நம்ம தலையில நிக்கும்."

"அப்படியே நிக்குமா?"

"அப்புறம்? மறுபடி விக்கணும்னா வருஷமாகும். அவசரமில்ல, நேரம் இருக்கு. மூணே முக்காலுக்கு இறக்கிடலாம். நீ போனை எடுத்துட்டு வந்து இங்கயே உக்காரு."

அவள் கைபேசியை எடுத்துவந்து உட்கார்ந்தாள். கூடத்தில் யாரோ தும்மினார்கள். சமையலறை ஜன்னல் வழியே தெரு தெரிந்தது. எதிர்ப்பக்கம் ஒரு பழைய கார் நின்றது. டேப்போடு வந்த ஆள் அதற்குள் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிவிட்டுத் தன் கைபேசியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றே முக்காலுக்கு மகன் வரம்பை அழித்து வேறு எண்ணைத் தட்டினான்.

"நம்பர் சொல்லும்மா."

உள்ளங்கையில் கைபேசி துடித்தது. ஆறு எண்களும் வந்து நின்றன. அவள் மனதுக்குள் படித்தாள்.

"வரலையா?"

"வரல."

"மறுபடி அனுப்பறேன்."

மறுபடி துடித்தது. இம்முறை வேறு ஆறு எண்கள். அவள் அவற்றையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாள்.

"இப்ப?"

"வரல."

"சிக்னல் இல்லையா? கொடு, நான் பாக்கறேன்."

அவன் கை நீட்டினான். அவள் கைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். விரலிடுக்கில் வெளிச்சம் இன்னும் அணையவில்லை. மகன் அந்த வெளிச்சத்தைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். நீட்டிய கையை மெல்ல மேசைமேல் வைத்தான்.

"அம்மா."

அவள் கைகளை எடுக்கவில்லை.

"வண்டி வந்துருச்சு," என்று நாத்தனார் வாசற்படியில் நின்று சொன்னாள். "எப்ப எடுக்கறதுன்னு கேக்கறாங்க. ரெண்டு பேரும் இங்க என்னடா பண்றீங்க?"

"பத்து நிமிஷம் அத்தை," என்றான் மகன்.

நான்கு ஆக ஒரு நிமிடம் இருக்கும்போது நாலாம் எண் கூட்டிக் கேட்டது. ஒன்பது உடனே மேலே ஏறியது. கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் கடிகாரம் இன்னும் ஐந்து நிமிடம் நீளும். நீண்டது. நாலாம் எண் மறுபடி கேட்டது. ஒன்பது மறுபடி ஏறியது. காருக்குள் அந்த ஆள் நெற்றியைத் துடைத்துக்கொள்வதை அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். அவர் கட்டைவிரல் கைபேசிக்கு மேலே நின்றது, தொட்டது, மறுபடி நின்றது. மூன்றாவது தடவை அவர் தொடவில்லை.

திரையில் ஒன்பதாம் எண்ணுக்கு வாழ்த்துச் சொல்லி ஒரு வரி வந்தது.

மகன் மூடியைச் சாத்தினான்.

"இங்க தனியா இருந்து என்னம்மா பண்ணப்போறே?"

"வா. அப்பாவ எடுக்கணும்."

கட்டிலைத் தூக்கியபோது ஒருவர் கால் கதவு நிலையில் இடித்தது. அவள் பின்னால் நடந்து வாசலுக்கு வந்தாள். அந்த ஆள் காரைவிட்டு இறங்கி, கைகட்டி நின்றுகொண்டிருந்தார். வண்டிக் கதவைச் சாத்தும் வரை காத்திருந்துவிட்டு அவளிடம் வந்தார்.

"நாந்தாம்மா நாலாம் நம்பர். காலையில நடந்துக்கிட்டதுக்கு மறுபடியும் மன்னிச்சிருங்க. எவனோ கிறுக்கன் பெரிய விலைக்கு எடுத்துட்டான். என்னால அதுக்கு மேல முடியல." கொஞ்சம் தயங்கினார். "உங்களுக்கு நல்ல விலை. ஐயா இருந்து பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு."

அவள் வண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பின்னறையில மேல பாத்தீங்களே, மழைக்கு ஒழுகுமா?"

அவர் திகைத்தார். "வித்தாச்சு, இனிமே உங்களுக்கென்னம்மா?"

"சும்மாதான் கேட்டேன்."

"மூலையில ஓதம் இருக்கு. நல்லா வண்ணம் அடிச்சு மறைச்சிருக்காங்க. ரெண்டு மழை தாங்கும். அதுக்குள்ள ஆள் வச்சுப் பாக்கணும்."

"சரி," என்றாள்.

எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நாத்தனாரை பஸ் ஏற்றிவிட மகன் போனான். போகும்போது, கதவைச் சாத்திக்கொள் என்று மட்டும் சொன்னான். அவள் சாத்தவில்லை. வாசலில் வரிசை குலைந்து கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

வாடகை நாற்காலிக்காரர் சின்ன வண்டியோடு வந்தார். வயதானவர். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கி, நாலு நடையில் மற்ற எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார். எண்ணிப் பார்த்தார், ஒன்று குறைந்தது. திரும்பி வந்து அவளுக்கு எதிரே நின்று, தோள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவள் அவரைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"இருக்கட்டும்மா," என்றார் அவர், வண்டிக்குத் திரும்பிக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே. "ஒண்ணுதானே. அப்புறமா வந்து எடுத்துக்கறேன்."