நாலு வெள்ளிக்கிழமைக் கோழி

நாகவள்ளிக்கும் எனக்கும் தை இருபதாம் தேதி கல்யாணம் என்று மாமா கடிதம் போட்டுவிட்டார். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்குமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வளைகுடாவில், அல் கூஸில் எங்கள் கம்பெனியில் எனக்கு லீவு வர இன்னும் பத்து மாதம் இருந்தது. தேதியைத் தள்ளிவைத்தால் அவள் சித்தப்பா வேறு மாப்பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். அவ்வளவு சுறுசுறுப்பான மனுஷன்.

அந்த வாரமே நாங்கள் தங்கியிருந்த கேம்ப் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். கம்பெனி ஆண்டு விழாவுக்கு, டிசம்பர் கடைசி வெள்ளிக்கிழமை ஓட்டப்பந்தயம். சிமெண்ட் கிடங்குவரை ஓடித் திரும்ப வேண்டும். முதலில் வருபவனுக்கு முப்பது நாள் லீவு, ஊர் போய்வர டிக்கெட். எனக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டீஸுக்கே ஒரு முத்தம் கொடுத்தேன். பசை உதட்டில் ஒட்டிக்கொண்டது.

ஓடுவதற்கு வாத்தியார் எதற்கு, நானே பழகிக்கொள்வேன் என்று கிளம்பினேன். டியூட்டி முடிந்து பருப்புச் சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டு, சேஃப்டி ஷூவோடு ஓடினேன். கிடங்கு வாசலில் சோறெல்லாம் வெளியே வந்தது. மூன்றாம் நாள் மேல்கட்டிலில் ஏற முடியவில்லை. ரூம்காரன் அம்மையப்பன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏ வைரவா, நீ ஓடுறதப் பாத்தா கல்யாணத்துக்குப் போறவன் மாதிரியே இல்லடா. கல்யாணத்துலருந்து தப்பிச்சு ஓடுறவன் மாதிரி இருக்கு. ஸ்டோர் கிளார்க் சிவகுருநாதன் அண்ணன்ட்ட போ. யாழ்ப்பாணத்துல அவரு பள்ளிக்கூட சாம்பியனாம்."

போனேன். சிவகுருநாதன் யோசிக்கவே இல்லை.

"பழக்கலாம். வெள்ளிக்கிழமை உம்மட கோழித்துண்டு எனக்கு. நாலு கிழமைக்கும்."

கேம்ப்பில் வாரத்துக்கு ஒருநாள்தான் கோழி. அதைத் தாரை வார்ப்பதா, இல்லை நாமே ஓடிப் பார்ப்பதா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

விடை மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் கிடைத்தது. பஸ் கேட்டைத் தாண்டிவிட்டது. சிவகுருநாதன் அப்போதுதான் குளியலறையிலிருந்து வெளியே வந்தார். ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, மறுகையில் செருப்பு. வெறுங்காலில் ஓடி வந்து தொற்றி ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்சமும் மூச்சு வாங்காமல் "குட் மோர்னிங்" என்றார். நாலு வருஷமாக இதே கூத்துதானாம், ஒருநாளும் பஸ்ஸைத் தவறவிட்டதில்லையாம். அங்கேயே கோழியை விட்டுக்கொடுத்துவிட்டேன்.

"அண்ணே, நீங்களும் பந்தயத்துல ஓடுவீகளா?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"வெண்டு நான் எங்க தம்பி போறது? இப்ப வராதை, வராதை எண்டுதான் அம்மா எழுதுறா."

அது எண்பத்து நாலாம் வருஷம். அவர் ஊரில் ராணுவமும் சண்டையுமாக இருந்த சமயம்.

முதல் வேலையாக ஷூவைக் கழற்றச் சொன்னார். சாப்பிடுவதற்கு முன் ஓட வேண்டும், மூச்சுத் திணறாமல் பேசிக்கொண்டே ஓட வேண்டும் என்றார். பேச எனக்கு இருந்தது ஒரே விஷயம். கிடங்குவரை நாகவள்ளியின் மூக்குத்தி, திரும்பி வரும்போது நாகவள்ளியின் கையெழுத்து. இரண்டாவது வாரம், "உமக்கு வேற கதையே இல்லையோ?" என்று கும்பிட்டார். வெள்ளிக்கிழமைகளில் என் எதிரிலேயே உட்கார்ந்து என் கோழியின் எலும்பைக்கூட விடாமல் சப்பினார்.

பந்தயத்தன்று கோட்டில் போய் நின்றால், பக்கத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சிவகுருநாதன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு கோழித்துண்டையும் தின்றுவிட்டு என் கல்யாணத்துக்கே உலை வைக்க வந்துவிட்டாரே!

விசில் ஊதினார்கள். அவர் முதுகைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. கிடங்கைச் சுற்றித் திரும்பியபோது மற்றவர்கள் எல்லாம் பின்தங்கிவிட்டார்கள். "யல்லா தம்பி, யல்லா! கெதியா ஓடி வாரும்!" என்று திரும்பிப் பார்த்து வேறு கத்தினார். கோபத்தில் பறந்தேன். நாடாவுக்குப் பத்தடிதான் பாக்கி. அப்போதும் அவர்தான் முன்னால். போயிற்று, நாகவள்ளி கைநழுவிப் போய்விட்டாள் என்று அழுகையே வந்துவிட்டது.

சட்டென்று அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாடா என் நெஞ்சில் பட்டு அறுந்தது.

ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன; அவர் கன்னத்தில் எத்தனை முத்தம் கொடுத்தேன் என்று நினைவில்லை. என்ன ஆச்சு, ஏன் உட்கார்ந்தாய் என்று சூப்பர்வைசர் இந்தியில் கத்திக்கொண்டு வந்தார்.

"ஷூ லேஸ், பாய். அவிழ்ந்துபோச்சு" என்று சிவகுருநாதன் தன் வெறுங்காலைக் காட்டினார்.